ஒளிராத சில்லு

போன ஓணம் விடுமுறைக்குக் கொச்சியில் மட்டாஞ்சேரி வீட்டுக்கு வந்தபோது, அப்பா ஆசைப்பட்டாரே என்று ஆய்வகத்திலிருந்து இரண்டு கண்ணாடிச் சில்லுகளைக் கொண்டுவந்தேன். இரண்டிலும் துத்தநாக ஆக்சைடு நானோகம்பிகள், தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லியவை, புல்போல நெருக்கமாக வளர்ந்திருந்தன. ஒன்றில் மட்டும் கம்பிகளுக்கு அலுமினிய ஆக்சைடுப் பூச்சு கொடுத்திருந்தேன். அந்தப் பூச்சுதான் என் ஆராய்ச்சி.

அப்பா, பழைய யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு மிளகுக் கிடங்கில் வேலை பார்க்கிறவர். "என் பொண்ணு வெளிச்சம் தர்ற கம்பி செஞ்சிருக்கா" என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தார். மாலையில் கூடம் நிறைந்துவிட்டது. கள்ள நோட்டு பார்க்கிற ஊதா விளக்கைக் கிடங்கிலிருந்து அவரே எடுத்துவந்திருந்தார்.

ஜன்னலைச் சாத்திவிட்டு விளக்கைப் பிடித்தேன். பூச்சில்லாத சில்லு மஞ்சளாக ஒளிர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"இது சாதாரணம். அடுத்ததைப் பாருங்க" என்றார் அப்பா.

அடுத்தது இருண்டு கிடந்தது.

"ஃபியூஸ் போயோ மோளே?" என்று மலையாளத்தில் கேலி செய்தார் எதிர்வீட்டுச் சேட்டன். கூடமே சிரித்தது.

அது அப்படித்தான் இருக்க வேண்டும். கம்பியின் மேற்பரப்பிலுள்ள குறைகளில் எலக்ட்ரான்கள் சிக்கிக்கொள்வதால் வருவதுதான் அந்த மஞ்சள். பூச்சு குறைகளை மூடிவிட்டால் மஞ்சள் அடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி கூடும். மின்சாரமும் தடங்கலில்லாமல் ஓடும். வழக்கமாக இந்த ஒளியைக் கருவியின் திரையில் கோடுகளாகவே பார்ப்பதால், வெறும் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவே இல்லை.

சொல்ல வாயெடுத்தேன். வந்ததெல்லாம் இங்கிலீஷ். வீட்டுத் தமிழிலும் வரவில்லை, பள்ளியில் படித்த மலையாளத்திலும் வரவில்லை. முகம் எரிந்தது.

"பஸ்ல வந்ததுல அடிபட்டிருக்கும்" என்று அப்பா சமாளித்தார். எல்லோருக்கும் சாயா கொடுத்து அனுப்பினார்.

"யாரு உங்களை ஊரைக் கூட்டச் சொன்னது?" என்று அவர்மேல் பாய்ந்தேன். அவர் விளக்கைத் துணியில் சுற்றினார். அந்தக் கைகளைப் பார்க்கவும் கூசியது.

மறுநாள் காலை, தட்டுத்தடுமாறி அவருக்கு விளக்கினேன்.

"அப்போ ஒளிராததுதான் நல்லதா?"

"ஆமாம்பா."

"இதை நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லத் தெரியலைப்பா."

கொஞ்ச நேரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். மலையாளத்தில் உற்சாகமாக விளக்கும் குரல் வாசல்வரை கேட்டது. பாதி தப்பாகச் சொன்னார். போய்த் திருத்தத்தான் நினைத்தேன். சேட்டனின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன்.