சொல்லக் கூடாத பங்கு

முடி உலர்த்தும் கருவியின் சூட்டை லேப்டாப்பின் ஓரத்தில் காட்டி, 'வீடியோ 2 ஜிபி' என்ற ஒட்டுச்சீட்டைக் கட்டைவிரல் நகத்தால் பெர்மெத் உரித்துக்கொண்டிருந்தாள். கிழியாமல் முழுசாக வந்தால்தான் அவளுக்குத் திருப்தி. உரித்ததைக் கடையாக நிற்கும் கப்பல் சரக்குப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுவாள். கதவின் உட்புறம் முழுக்க இப்போது வீடியோ மெமரிதான்.

ஓஷ் நகரச் சந்தையின் பழைய லேப்டாப் வரிசையில் அவளைத் தெரியாதவர் இல்லை. அலாய் மலைப்பக்கத்து மமிர்பாய் வீட்டின் கடைசி மருமகள். புருஷன் ருஷ்யாவில் கட்டட வேலை. அவனுக்கு மூத்த அண்ணன்மார் மூன்று பேருக்கும் கல்யாணத்தோடு குதிரையும் ஆடும் பிரித்துக் கொடுத்தாயிற்று. அந்தப் பங்குக்கு என்ச்சி என்று பெயர். கடைக்குட்டிக்கு அது கிடையாது; பெற்றவர்களோடு ஒரே சட்டியில் சாப்பிட்டுக் கிடப்பான்.

லேப்டாப்பையும் பெர்மெத் அப்படித்தான் பார்க்கிறாள். தனி வீடியோ கார்டு உள்ளது, பங்கு வாங்கிப் பிரிந்த பிள்ளை. இல்லாதது கடைக்குட்டி. "நாலு ஜிபி ராம்தான் வீட்டுச் சட்டி. படம் பெருசா வந்தா வீடியோ அதுல கைய விட்டு அள்ளும். அந்த நேரம் மத்த வேலையெல்லாம் அரைப்பட்டினி. சீட்டுல போட்ட ரெண்டு ஜிபியும் அங்க அள்ளுறதுதான்; வீடியோவுக்குன்னு தனியா எடுத்து வச்சது ஒரு கரண்டிதான்" என்பாள்.

என்ச்சி இல்லை என்று ஒரே மூச்சில் முடித்திருக்கலாம். ஆனால் புருஷனின் மூத்த அண்ணனான மைத்துனர் பெயர் என்ச்சிபெக். புகுந்த வீட்டுப் பெரியவர் பெயரை மருமகள் வாயில் எடுக்கக் கூடாது. பெயருக்குள் இருக்கிற சொல்லையும்தான். அதனால் கல்யாணமான நாளிலிருந்து 'பிரிஞ்சு போறவன் கொண்டு போறது' என்று சுற்றி வளைத்தே பேசுவாள். "நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள லேப்டாப் இன்னும் பழசாயிடும்" என்பான் எதிர்க்கடை மிர்லான்.

பெட்டியும் சரக்கும் சாவியும் அந்த மைத்துனருடையவை. வரிசை முழுக்கச் சீட்டு ஒட்ட வைப்பவரும் அவரே.

அன்று அவர் கடைக்குள் முக்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கெரெஸ் என்ற பெண் வந்தாள். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் தொழில் தொடங்கப் போகிறாளாம். கையில் இருப்பது ஒரு லேப்டாப் வாங்கத்தான் போதுமாம்.

"ரெண்டு ஜிபி வீடியோ, தனியா இருக்கு. கண்ண மூடிட்டு எடு தங்கச்சி" என்று ஒரு லேப்டாப்பை அவள் பக்கம் நகர்த்தினார் என்ச்சிபெக். அவள் மூடியைத் திறந்து பார்க்கத் திரும்பியதும் குரலைத் தாழ்த்தினார். "இந்தாம்மா, இன்னிக்கும் யாவாரத்தக் கெடுத்தே, சாயங்காலம் சாவி மிர்லான் கைக்குப் போயிடும்."

பெர்மெத் கேட்காதவள் போல வழக்கப்படி ஆரம்பித்தாள்: பிரிந்து போகிறவன், கொண்டு போகிறது, வீட்டுச் சட்டி. கெரெஸுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"தனியா இருக்கா, இல்லையாக்கா?"

பெர்மெத் தலைத்துணியின் முடிச்சை இறுக்கிக்கொண்டாள்.

"இல்லம்மா. இதுக்கு என்ச்சி இல்ல. பாட்டு கேளு, கணக்கு எழுது, நல்லா ஓடும். கல்யாண வீடியோவுக்கு முக்கி முனகும். என்ச்சி இருக்கறதா பாத்து வாங்கு."

மிர்லான் வாயில் போட்ட பாதாமைக் கடிக்கவில்லை. என்ச்சிபெக்கின் காது சிவந்தது.

"என் பேரையா சொன்னே?"

"லேப்டாப்பச் சொன்னேன்."

கெரெஸ் மூடியை மெல்லச் சாத்திவிட்டு நகர்ந்தாள். அவருக்கு நாக்கு வறண்டிருக்க வேண்டும். வெற்றுக் கிண்ணத்தை நீட்டினார். மதிப்பு உள்ளவருக்குப் பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவது. விளிம்பு தொட ஊற்றினால் எழுந்து போங்கள் என்று பொருள். பெர்மெத் கெண்டியைச் சாய்த்தாள். தேநீர் பாதியைக் கடந்தது. அவள் கை நிமிரவில்லை. விளிம்பு தொட்டதும் கெண்டியை வைத்துவிட்டு, ஒரு சொட்டும் சிந்தாமல், இரண்டு கையாலும் கிண்ணத்தை மைத்துனரிடம் நீட்டினாள்.