பிக்கரிங் கார் தரிப்பிடத்தில் இறங்கிய லூன்

கடந்த சித்திரையில் ஒரு சனிக்கிழமை, விட்பியின் ஏரியோரச் சதுப்பு நிலத்தில் படம் எடுப்பதற்காகப் புறப்பட்டோம். தெற்கே போன நீர்ப்பறவைகள் வடக்கே திரும்பும் மாதம் அது. வெக்ஸ்போர்ட்டில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். காலை 5.40க்குக் காரை எடுத்தோம். கணவர் பகீரதனுக்குப் பறவைகளில் நாட்டமில்லை. இரவு முழுக்க மழை பெய்திருந்ததால் என்னைத் தனியே விட மனமில்லாமல் வந்தார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அன்று நாங்கள் விட்பிக்குப் போய்ச் சேரவில்லை.

பிக்கரிங்கை நெருங்கும்போது மழையோடு பனிக்கட்டியும் விழத் தொடங்கியது. சற்று ஓயட்டும் என்று ரயில் நிலையத்தின் கார் தரிப்பிடத்துக்குள் திருப்பினோம். நேரம் 6.10. வார நாட்களில் ஓரிடமும் கிடைக்காத தரிப்பிடம் வெறுமையாகக் கிடந்தது. விளக்கு வெளிச்சத்தில் ஈரத் தார் பளபளத்தது.

"உதென்ன கறுப்பாய்? குப்பைப் பையோ?" என்றார் பகீரதன்.

"இல்லை. உது தலையைத் தூக்குது."

இறங்கிக் கிட்டப் போனேன். கறுத்த தலை, சிவந்த கண், முதுகு நிறைய வெள்ளைக் கட்டங்கள். எங்கள் ஒரு டொலர் நாணயக் குற்றியில் பொறித்திருக்கும் அதே நீர்ப்பறவை, லூன். மூன்று வருடமாக அதைத் தூர லென்ஸில் தேடி, கடுகளவு புள்ளியாக மட்டுமே எடுத்திருந்தேன். இப்போது பத்தடி தூரத்தில். ஒரேயொரு படம் எடுத்தேன். அது எழும்ப முயன்று நெஞ்சால் விழுந்ததும் கமராவை இறக்கிவிட்டேன். லூனுக்குக் கால்கள் உடம்பின் கடைசியில் இருப்பதால் தரையில் நடக்க வராது. பறக்கவும் தண்ணீரில் நெடுந்தூரம் ஓடியாக வேண்டும். ஈரத் தாரை ஏரி என்று நினைத்து இறங்கியிருக்கிறது.

அப்போதுதான் அந்த இரைச்சல் கேட்டது. குளிர்காலம் முழுக்க பனி உருக வீதியில் கொட்டிய உப்பையும் மண்ணையும் கூட்டியள்ளும் பெரிய வண்டியொன்று எங்கள் வரிசையால் வந்துகொண்டிருந்தது. நான் குறுக்கே நின்று இரண்டு கையையும் உயர்த்தினேன்.

"வதனி, உமக்கு விசரே? விலத்தும்!" என்று பகீரதன் கத்தினார்.

வண்டி நாலைந்து மீற்றர் முன்னால் நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க சாரதி இறங்கி வந்து, பகீரதன் கத்தியது கேட்டதாலோ என்னவோ, தமிழிலேயே கேட்டார்: "என்ன தங்கச்சி, என்ன பிரச்சினை?"

"உயிரோடை ஒரு பறவை கிடக்கு அண்ணை. அதாலை நகர ஏலாது."

அவர் குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "போன கிழமையும் இப்பிடி ஒண்டு கிடந்தது. செத்துப் போச்செண்டு நினைச்சு ஓரமாய்த் தள்ளிப்போட்டுப் போயிட்டன்."

அவர் தன் தடித்த கையுறைகளைக் கழற்றி நீட்டினார்.

வனவிலங்கு மீட்பு நிலையம் ஒன்றுக்குத் தொலைபேசி எடுத்தேன். இரத்தம் இருக்கிறதா, இரண்டு இறக்கையும் ஒழுங்காக மடிந்திருக்கிறதா என்று ஒரு பெண் கேட்டார். காயம் இருந்தால் தங்களிடம் கொண்டு வரும்படியும், இல்லையென்றால் பெரிய நீர்ப்பரப்பில் விடும்படியும் சொன்னார். காயம் இருக்கவில்லை. காரில் இருந்த துவாயால் தலையை மூடித் தூக்கினேன். பிறந்த குழந்தையின் பாரம்.

ஏரியோடு சேர்ந்த குடா அங்கிருந்து மூன்று கிலோமீற்றர்தான். காரில் லூனை மடியில் வைத்திருந்தேன். துவாய்க்குள்ளால் அதன் நெஞ்சு என் வயிற்றில் அடித்துக்கொண்டிருந்தது. பாதி வழியில் அது குரலெடுத்தது. சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத, நடுங்கும் ஓலம். கார்க் கண்ணாடிகள் அதிர்ந்தது போல இருந்தது. பகீரதன் காரை ஓரங்கட்டிவிட்டார்.

"இது பறவையோ?" என்றார். கை மயிர் சிலிர்த்திருந்ததைக் காட்டினார். பிறகு முட்டைத் தட்டு ஏற்றியவர் போல மெல்ல ஓட்டினார்.

முழங்கால் வரை தண்ணீரில் இறங்கித் துவாயை விரித்தேன். லூன் அசையாமல் மிதந்தது. தலையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தது. அடுத்த கணம், ஒரு சிற்றலை கூட இல்லாமல், அது அங்கே இல்லை. நெடுநேரம் போனது போலிருந்தது. "தாண்டு போச்சோ?" என்று பகீரதன் என் தோளைப் பிடித்தார். அவர்தான் முதலில் கண்டார். குடாவின் நடுவில், எழும்பி நின்று இறக்கை அடித்தது. பிறகு தண்ணீரின் மேல் ஓடத் தொடங்கியது. ஓடியது, ஓடியது, கால்பட்ட இடமெல்லாம் வெள்ளையாகத் தெறிக்க ஓடி, குடாவின் வாசலில் மேலே எழும்பி ஏரிக்கு மேலால் போனது. கமரா காரில் கிடந்தது. ஓடிப்போய் எடுக்கத் தோன்றவில்லை.

7.25க்குக் கையுறைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். வண்டி எஞ்சின் நிறுத்தப்பட்டு அதே இடத்தில் நின்றது. சாரதி அண்ணை தரிப்பிடத்தின் தூர மூலையில், குனிந்து குனிந்து பார்த்தபடி, ஒவ்வொரு வரிசையாக நடந்துகொண்டிருந்தார். நாங்களும் ஆளுக்கொரு வரிசை பிடித்தோம். வேறு பறவை இருக்கவில்லை. எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் அவர் வண்டியில் ஏறினார்.

உங்களுக்குச் சில குறிப்புகள். சித்திரையில் படம் எடுக்கப் போகிறவர்கள் காரில் தடித்த துவாயும் கையுறையும் வைத்திருங்கள். லூனின் அலகு கண்ணைக் குத்தக்கூடியது, முகத்தைத் தள்ளி வையுங்கள். தூக்குவதற்கு முன் மீட்பு நிலையத்துக்குக் கதையுங்கள். சின்னக் குளத்தில் விடாதீர்கள், அதால் அங்கிருந்து எழும்ப முடியாது. சனிக்கிழமைகளில் இந்தத் தரிப்பிடத்துக்குக் காசில்லை. எங்கள் பெற்றோல் ஏழு டொலருக்குள் முடிந்தது. மழை பெய்த இரவுக்கு மறுநாள் ஏரிக்குக் கிட்டவுள்ள தரிப்பிடம் எதையாவது கடந்தால், கறுப்பாய்க் கிடப்பது குப்பைப் பைதான் என்று முடிவெடுக்க முன்னம், ஒருக்கால் இறங்கிப் பாருங்கள்.