கெண்டைக் குடலில் கிடைத்த மஞ்சள்

கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் ஒன்றைத் தேடிப் பிடித்து, அது இதுவரை யாரும் பிடிக்காதது என்று நிரூபிப்பதுதான் எங்கள் தொழில். ஆய்வகத் தட்டுகளோடு மல்லுக்கட்டும் சக துன்பவாசிகளுக்கு மேற்கொண்டு சொல்லவேண்டியதில்லை.

நல்ல மீன்

குஜிலியம்பாறைப் பக்கம் பண்ணைக்குட்டையில் மீன் வளர்க்கும் சேசுராஜ் அண்ணனிடம், நோயில்லாத கெண்டை ஒன்று ஆராய்ச்சிக்கு வேண்டும் என்றேன். கல்லூரி டீச்சர் கேட்கிறாரே என்று பெரிய மீனாகப் பிடித்து, செதில் சீவி, குடலை உருவி எறிந்து, சுத்தமாகக் கழுவிக் கொடுத்தார். எனக்கு வேண்டியதே அந்தக் குடல்தான். நான் வாயைத் திறப்பதற்குள் நாய் அதைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. இன்னொரு மீனை முழுதாக ஐஸில் வைத்துக் கட்டியபடியே கேட்டார்:

“குடலுக்குன்னு மீன் வாங்குற ஆளை இப்பத்தான் பாக்குறேன். சதையை நாய்க்குப் போடுவீகளோ டீச்சர்?”

விசாரணை

இரண்டாவது மீனின் குடலிலிருந்து எடுத்துத் தட்டில் வளர்த்த பாக்டீரியாப் புள்ளிகளில் ஒன்று மட்டும் வெளிர் மஞ்சள். அதன் மரபணு, பெயர் உள்ள எந்த பாக்டீரியாவோடும் ஒத்துப்போகவில்லை. இது புதிய இனம் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்தால் போதாது. எந்தச் சர்க்கரையைத் தின்னும், எவ்வளவு உப்பைத் தாங்கும், எந்தச் சூட்டில் சோரும் என்று மாதக்கணக்கில் சோதித்தேன். எல்லாம் முடிந்தும், உறுதிப்படுத்த மறுபடி முதலிலிருந்து தொடங்கியபோது, பக்கத்து மேசை ராணி சொன்னாள்:

“பொண்ணு பாக்கப் போனாக்கூட இம்புட்டு விசாரிக்க மாட்டாக. விடு தாயி, நல்ல குடும்பம்தான்.”

பார்சல்

புதிய இனம் என்று உலகம் ஏற்க, அதை உயிரோடு இரண்டு நாடுகளின் நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். அனுமதிக் காகிதங்களோடு கூரியர் அலுவலகத்துக்குப் போனேன். கூரியர்காரர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“உயிரோட இருக்கா? வழியில சாப்பாட்டுக்கு என்ன பண்ணும் மேடம்?”

பெயர்

கண்டெடுத்த ஊரின் பெயரை லத்தீனாக்கிச் சூட்டுவது எங்களிடையே வழக்கம். கட்டுரையை அனுப்பும் முன், அவர் ஊர்ப் பெயரையே வைக்கப்போவதாகப் பெருமையோடு சேசுராஜ் அண்ணனிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. அது கிறிஸ்தவர்களின் தவக்காலம். வெள்ளிக்கிழமை கறி தொடாத வீடுகளெல்லாம் அவரிடம்தான் மீன் எடுக்கும். நான் கண்டெடுத்தது நோய்க்கிருமி இல்லை, நல்ல மீனின் குடலில் வாழ்வது என்று விளக்கினேன்.

“நீங்க சொன்னா நான் நம்புவேன். ‘குஜிலியம்பாறை மீனில் புதுக் கிருமி’ன்னு பேப்பர்ல போட்டா, வாங்க வாரவன் நம்புவானா?”

ஊரை எடுத்துவிட்டு, பாக்டீரியாவின் நிறத்தையே பெயராக்குகிறேன் என்றேன்.

“மஞ்சளா? காமாலைன்னு நெனச்சுப்புடுவாகளே... சரி, லத்தீன்லதான? எவனுக்கும் புரியாது, வைங்க.”

புதிய இனம் என்று நிரூபிக்க மரபணுவும் சோதனைகளும் போதும். பெயர் வைக்கத்தான் மீன்காரரின் சம்மதம் வேண்டும்.