வெள்ளைப் பூ எதற்கு வந்தது

எங்கள் மலையில் எந்தக் கூட்டத்தாரிடம் அவர்கள் குலசாமியைப் பற்றிக் கேட்டாலும், உழும்போது ஏர்க்கொழு தட்டிக் கிடைத்தது என்பார்கள். மலையிலுள்ள பெரிய சிவன் கோயில் லிங்கத்தின் தலையில் அப்படி ஒரு தழும்பு உண்டு; அந்தக் கதையை ஆளாளுக்குத் தங்கள் கல்லுக்கும் சொல்லிக்கொள்கிறார்கள். எங்கள் கல்லிலும் ஒரு கீறல் இருக்கிறது. முகம் கிடையாது, கை கால் கிடையாது. வெள்ளியில் இரண்டு கண்மலர் ஒட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். அதன் முன்னால் போய்த்தான் அம்மாவை என்ன செய்வது என்று கேட்டோம்.

அம்மா சேலத்து ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். தலையில் ரத்தம் கட்டியிருந்தது. இன்னொரு ஆபரேஷன் செய்து பார்க்கலாம், ஆனால் பிழைப்பது உறுதியில்லை. வேண்டாமென்றால் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முடிவு சொல்ல வேண்டியவர்கள் நானும் தம்பியும். கடைசியில் அவன்தான், "பூக் கேட்டுப் பாத்தரலாம்க்கா" என்றான். சின்னம்மாவைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு மலையேறினோம்.

கோயில் மலைமேல் எங்கள் ஊர்கள் சேர்ந்த குண்டூர் நாட்டில், எங்கள் காட்டோரம். பூசாரி எங்களுக்குப் பெரியப்பா முறை. வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனி இலையில் பொட்டலம் கட்டிக் கல்லின் முன் போட்டார். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் கூடாது.

"நெனச்சத மனசுக்குள்ளயே கேளுங்க சாமி. வாய் உட்டுக் கேட்டா பலிக்காது" என்றார்.

கண்ணை மூடிக் கேட்டேன். தம்பியும் பக்கத்தில் நின்று கேட்டான். பெரியப்பா ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

"உத்தரவாயிருச்சு கண்ணு. போங்க, நல்லபடியா ஆகும்."

எனக்குச் சந்தோஷமும் இல்லை, பயமும் இல்லை. கால் மரத்துப்போனால் செருப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதே, மனசு அப்படி இருந்தது. செம்மேட்டில் பஸ் ஏறி உட்கார்ந்ததும், "ஊட்டுல கட்டில எங்கடா போடறது?" என்று கேட்டேன்.

"எதுக்குக்கா கட்டிலு? ஆப்பரேசன் பண்ணலாமான்னுதான நான் கேட்டேன்?"

"அட கெரகமே! நான் ஊட்டுக்குக் கூட்டியாரலாமான்னு கேட்டேன்டா."

பூ ஒன்றுதான். ஒரே காரியத்துக்கு மறுபடி பூக் கேட்கவும் கூடாது, சாமியைச் சந்தேகப்பட்டதாகிவிடும். வேறு நாளாக இருந்தால் பஸ்ஸையே இரண்டாக்கியிருப்பேன். ஜன்னல் சீட்டுக்கே சண்டைக்கு நிற்கிறவள் நான். அன்று வளைவுக்கு வளைவு அவன் என்மேல் சாய்ந்தான், நான் ஜன்னலில் சாய்ந்தேன். அடிவாரம் வந்தபோது, "நீ மூத்தவ. நீ கேட்டதுக்கே வந்ததா இருக்கட்டும்" என்றான். ஆபரேஷன் செய்தால் அம்மா எழுந்துவிடுவாள் என்று அவன் நம்பியிருந்தது முகத்திலேயே தெரிந்தது. நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் வைத்து அம்மாவை மலைக்குக் கொண்டுவந்தோம்.

அந்த வாரமே அம்மா போய்விட்டாள். வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். என் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வாசலில் நின்று கத்தினார்.

"பொழைக்க வெக்கப் பாக்காம ஊட்டுக்குத் தூக்கியாரச் சொன்னது ஆரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி எழுந்துவிட்டான்.

"ரெண்டு பேருந்தானுங்க மாமா பூக் கேட்டோம். ஊட்டுக்குக் கொண்டாரலாமான்னுதான் நானுங் கேட்டேன். வெள்ளை வந்துச்சுங்க."

மாமா அடங்கிப்போய் உட்கார்ந்தார். சாமி முன்னால் கேட்டதை வெளியே மாற்றிச் சொன்னால் பிள்ளைகுட்டி விளங்காது என்பது எங்கள் கூட்டத்து நம்பிக்கை. தம்பி பெண்டாட்டியின் மடியில் கைக்குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது.

அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. அம்மாவுக்காக அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.