மெக்கானிக் ஏன் படியேறுகிறார்?

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வயது ஐம்பத்திரண்டு. அதில் சரிபாதி, அடுத்தவர்கள் படியேறாமல் பார்த்துக்கொள்வதிலேயே கழிந்திருந்தது. அப்படிப்பட்ட மனிதரைப் பார்த்து ஒரு டாக்டரம்மா, "இனிமே முடிஞ்ச வரைக்கும் படியில போங்க" என்று சொன்னபோது, தம் தொழிலையே யாரோ திட்டியதுபோல் அவருக்குச் சுருக்கென்றது.

வினை கண் வழியாக வந்தது. சர்க்யூட் படத்தில் கோடுகள் கலங்கித் தெரிகின்றன என்று கண்ணாடி மாற்றப் போனார். கடைக்காரர் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, "முதல்ல ரத்தத்தப் பாத்துட்டு வாங்க, கண்ணாடி எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார். வியாபாரி வியாபாரத்தைத் தள்ளிப்போடுகிறார் என்றால் சங்கதி பெரிதுதான் என்று மெக்கானிக் நேரே ரத்தப் பரிசோதனைக்குப் போனார். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி எட்டு புள்ளி ஒன்பது என்று வந்தது. டைப் டூ சர்க்கரை.

டாக்டரம்மாவிடம் வருகிறவர்கள் வழக்கமாக எதையெல்லாம் சாப்பிடலாம் என்று கேட்பார்கள். இவர் கேட்டது வேறு.

"பழுது எங்க டாக்டர்? சப்ளை இல்லையா, லோடு ஜாஸ்தியா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சர்க்கரை ரத்தத்துல நிக்குது. உள்ள போகணும், கதவு சரியா திறக்கல. இன்சுலின் தட்டுது, கதவு லேசுல அசையல."

மெக்கானிக் தலையாட்டினார். லிஃப்டில் வரும் பழுதும் பத்துக்கு ஏழு கதவில்தான். "நடந்தா?"

"தசை வேலை செய்யறப்ப, அவ்வளவு தட்டாமலே கொஞ்சம் திறக்கும்."

மாத்திரை, சோற்றில் பாதி, விரலைக் குத்திப் பார்க்க ஒரு சுகர் மிஷின் என்று எழுதிக் கொடுத்து, ஆபீசிலும் சொல்லிவிடுங்கள் என்றார். ஆபீசில் மட்டும் அவர் சொல்லவில்லை. முன்பு ஒருவருக்கு ரத்த அழுத்தம் என்று தெரிந்த மறுவாரமே, கம்பெனி அவரை லிஃப்ட் குழியிலிருந்து தூக்கிப் புகார் மேசையில் உட்கார வைத்திருந்தது. காதில் ஒரு கருவி, எட்டு மணி நேரம் நாற்காலி, "உங்க புகார் பதிவாயிடுச்சு." அந்த நாற்காலியை நினைத்தால் சர்க்கரையே தேவலாம் என்றிருந்தது அவருக்கு.

முதல் இரண்டு வாரம் பயம் அவரை நடத்தியது. அவித்ததையே தின்றார், சர்க்கரையில்லாத டீயைக் கஷாயம்போல் குடித்தார், விடிந்ததும் நடந்தார். மூன்றாவது வாரம் பயம் பழகிவிட்டது. பயத்தில் உள்ள கோளாறு இதுதான்: வந்த விருந்தாளி நாலு நாளில் வீட்டு ஆளாகிவிடுகிறது, பிறகு அதை யாரும் மதிப்பதில்லை. மகள் வெளியூரிலிருந்து தினமும் சூரியோதயப் படத்தோடு ஒரு வீர வசனம் அனுப்பினாள். 'உன்னால் முடியும்' என்று சூரியனே சொன்னாலும் அவருக்குக் கொட்டாவிதான் வந்தது. மிஷின் அலமாரிக்குப் போயிற்று.

அவர் மனைவி தையல் கூடத்தில் துணி வெட்டுகிறவர். "அளவு எடுக்காம வெட்டினா துணிதான் பாழாகும். உங்க உடம்பு துணியவிட மட்டமா?" என்று ஒருநாள் மிஷினை அவருடைய கருவிப் பைக்குள்ளேயே போட்டு அனுப்பினார்.

அன்று பார்த்துப் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றில், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு லிஃப்ட் நின்றது. உச்சியிலுள்ள மெஷின் ரூமுக்குப் பையோடு படியேறினார். நட்டநடு மாடியில் நின்று தம் தொழிலின் அருமையை உணர்ந்தார். வேலை முடிந்ததும், வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாமே என்று விரலைக் குத்தினார். நூற்று நாற்பத்தொன்று. அதே சாப்பாட்டுக்கு முன்பெல்லாம் இருநூறுக்குக் குறைந்ததில்லை.

சந்தோஷப்பட வேண்டிய இடம். அவரோ மிஷின் கெட்டுவிட்டது என்றார். வீட்டுக்குப் போனதும் மனைவியின் விரலைக் குத்தினார். தொண்ணூற்றாறு.

"எனக்கு எதுக்குய்யா குத்தறீங்க?"

"மிஷின் சரியான்னு பாத்தேன்."

"நல்லா பாத்தீங்க. மாவு புளிச்சுதான்னு பாக்கற மாதிரி!"

மறுநாள் அதே சாப்பாடு, படியில்லாமல்: இருநூற்றெட்டு. அதற்கு மறுநாள் படியோடு: நூற்று நாற்பத்தொன்பது. மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளில் அவருக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், ஒரே நேரத்தில் இரண்டு ஒயரைத் தொடாதே என்பது. ஒன்றை மாற்று, பார், எழுது. உடம்பும் அதற்குக் கட்டுப்படுகிறது என்பது அவருக்கு யாரும் சொல்லாத செய்தி. பழைய சர்வீஸ் நோட்டு ஒன்றை எடுத்தார். தேதி, என்ன தொட்டேன், என்ன ஆயிற்று. காயை முதலில் தின்றுவிட்டுச் சோற்றைத் தின்றால் ஒரு எண், மாற்றித் தின்றால் வேறு எண். சர்க்கரை இல்லை என்று அட்டையில் சத்தியம் செய்த பிஸ்கட், வாழைப்பழத்தைவிட எண்ணை உயரே ஏற்றியது. 'பொய்' என்று பக்கத்தில் எழுதி அடிக்கோடிட்டார். விடிகாலை நடையை மறந்தவர் மதியப் படியை மறக்கவில்லை. எந்தக் கட்டடத்தில் இருந்தாலும் சாப்பிட்டதும் ஏறினார்.

அங்கேதான் சிக்கல் வந்தது. லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளே தினமும் லிஃப்டைத் தாண்டிப் படியில் போனால், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? சமையல்காரர் பட்டினி கிடந்தால் சாப்பாட்டில் யார் கை வைப்பார்கள்?

பதினான்கு மாடிக் கட்டடத்திலிருந்து மட்டும் பதினோரு புகார். சர்வீஸ் மேனேஜர் கூப்பிட்டார். வயதில் சின்னவர்.

"அண்ணே, அந்த லிஃப்ட்ல என்ன?"

"ஒண்ணும் இல்ல சார். பட்டு மாதிரி ஓடுது."

"அப்ப நீங்க ஏன் படியில போறீங்க?"

"சும்மா... மூட்டுக்கு நல்லதுன்னு."

"உங்க மூட்டுக்கு நல்லது, என் கழுத்துக்கு ஆகாது. வேற ஆள வெச்சு சோதிக்கணும்னு எழுதிக் குடுத்திருக்காங்க. நாளைலேர்ந்து எல்லாரும் பாக்கற மாதிரி லிஃப்ட்ல போங்க."

போனார். தேரில் ஏற்றிய சாமி சிலைபோல் அசையாமல் நின்று மேலும் கீழும் போனார். ஐந்து நாளில் எண் பழைய உயரத்துக்கே திரும்பியது. காரணம் தெரிந்த எண்ணில் ஆராய என்ன இருக்கிறது? ஆறாம் நாள் நோட்டைத் திறக்கவில்லை. மிஷின் மறுபடி அலமாரிக்குப் போனது. மனைவி அலமாரியைத் திறந்து மிஷினைப் பார்த்துவிட்டு மூடினார். அதுதான் அவரை உறுத்தியது.

இத்தனைக்கும் கட்டடத்தில் சந்தேகம் தீரவில்லை. ஒன்பதாம் மாடியில், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் தனியாக இருந்தார். எழுபத்துநாலு வயது, இரண்டு முழங்காலும் ஒத்துழையாமை. தினமும் சாயங்காலம் கீழே தோட்டத்து பெஞ்சுக்கு வருகிறவர், ஒன்பது நாளாக வீட்டை விட்டு இறங்கவில்லை. மெக்கானிக் கதவைத் தட்டினார்.

"லிஃப்ட் நல்லா இருக்கு டீச்சர். நானே போறேன் பாருங்க."

"பாத்தேன் தம்பி. போன வாரம் நீங்களா படியில போனீங்க. இந்த வாரம் போகச் சொன்னாங்க, லிஃப்ட்ல போறீங்க. நான் எதை நம்பணும்?"

மெக்கானிக் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தார். அந்தக் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. தம் ஒரு பொய்யால் இந்த அம்மாள் ஒன்பது மாடி உயரத்தில் சிறையிருக்கிறார். புகார் மேசை நாற்காலி கண்முன் வந்து நின்றது. அதைத் தாண்டிச் சொன்னார்.

"எனக்கு சுகர் டீச்சர். சாப்பிட்டு ஏறினா குறையுது. அதான்."

டீச்சர் ஐயோ பாவம் என்பார் என்று எதிர்பார்த்தார். "எவ்வளவு குறையுது?" என்றார் டீச்சர்.

கருவிப் பையின் அடியில் கிடந்த நோட்டு வெளியே வந்தது. டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். "படியில்லாம ஆறே நாள் பாத்துட்டு முடிவு கட்டிட்டீங்களே! அதுலயும் ரெண்டு நாள் வேற சாப்பாடு. பாதி கணக்குக்குப் பாதி மார்க்தான். ஒழுங்கா இருபது நாள் எடுங்க."

"ஏறக் கூடாதுன்னுட்டாங்களே டீச்சர்."

"காரணம் சொல்லாம ஏறினா யாரும் பயப்படத்தான் செய்வாங்க. சொல்லிட்டு ஏறுங்க."

மறுநாள் மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா பதினோரு புகார் மிச்சம். டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் குழிக்குள்ள இறங்காதீங்க."

நான்கு நாள் அந்தப் புகார் மேசையில் உட்கார்ந்தார். நினைத்ததைவிட மோசமாக இருந்தது. ஐந்தாம் நாள் கடிதம் வந்தது: இந்த மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கித் தலைசுற்றுவது அரிது, வேலை பார்க்கலாம், குழியில் இறங்கும்போது கூப்பிடு தூரத்தில் ஓர் ஆள் இருக்கட்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கிறேன்.

அன்றே பதினான்கு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் வாசலில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. டீச்சர் இரண்டு தடவை திருத்தியபின் மெக்கானிக் தம் கையாலேயே எழுதியது:

'இந்த லிஃப்டில் எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு மெக்கானிக்குக்கு. சாப்பிட்டதும் படியேறினால் சர்க்கரை குறைகிறதா என்று பார்க்கிறார்.'

கொஞ்ச நாள் ஒரே விசாரிப்பு. "இன்னிக்கு எவ்வளவு?" என்று மாடிக்கு மாடி கதவு திறந்து கேட்டார்கள். மூன்று வீட்டுக்காரர்கள் அவரோடு சேர்ந்து ஏறவும் தொடங்கினார்கள். லிஃப்டுக்கு வேலை குறைந்தது. டீச்சர் மட்டும் லிஃப்டில் இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, எண்ணை வாங்கிக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்தார்.

மூன்று மாதம் கழித்துச் சராசரி ஏழு புள்ளி இரண்டு. டாக்டரம்மா பாராட்டினார். மெக்கானிக் மரியாதைக்குச் சிரித்துவைத்தார். அவர் மனம் முந்தைய புதன்கிழமையில் இருந்தது. அதே சாப்பாடு, அதே பதினான்கு மாடி, எண் மட்டும் நூற்றுத் தொண்ணூறு.

டாக்டரிடம் போய்வந்த அன்று இரவு வீட்டில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு அவர் முகமெல்லாம் மலர்ந்திருந்ததை மனைவி பார்த்துவிட்டார்.

"ஏறியிருக்கு, சிரிக்கிறீங்க?"

"ஏறியிருக்கு. ஆனா ஏன்னு தெரியலையே!" என்றார் மெக்கானிக். "முந்தின நாள் சரியா தூங்கல, அதுவா? இல்ல அந்த ஜலதோஷமா? நாளைக்கு ஒண்ணு ஒண்ணா பாத்துடறேன்."

மனைவி தம் விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.