இலவச வைரத்துக்குக் குரல் கொடுத்த சித்தி

தெருவில் அவருக்கு லிஃப்ட் மேடம் என்று பெயர். ஊரில் பாதி லிஃப்டுகளில் ‘கதவு மூடுகிறது, விலகி நில்லுங்கள்’ என்று சொல்வது அவர் குரல்தான். வங்கிக்குப் போன் செய்தால் காத்திருக்கச் சொல்வதும், பேருந்து நிலையத்தில் உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்வதும் அவரே. மளிகைக்கடைக்காரர் அவரைப் பார்த்தால் சும்மா விடமாட்டார். “மேடம், நீங்க வாயத் திறந்தா என் கடை ஷட்டர் தானா இறங்கிடுமோன்னு பயமா இருக்கு” என்பார்.

வீட்டில் அவர் சித்தி. கல்யாணம் ஒத்துவராமல் பிரிந்து வந்த நாளிலிருந்து அக்காவின் வீட்டில்தான் இருக்கிறார். அக்கா மருத்துவமனையில் நர்ஸ். அத்தான் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர். மாதத்துக்கு இரண்டு முறை வந்து, தூங்கி எழுந்து, போய்விடுவார். ஒரே மகள், அப்போது பன்னிரண்டு வயது. வாண்டு என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். அம்மா இரவுப் பணிக்குப் போவதால், தலை வாரிவிடுவதிலிருந்து கணக்குப் பாடம்வரை வாண்டுவுக்கு எல்லாம் சித்திதான்.

சித்தியின் ஸ்டூடியோ என்பது கதவு கழற்றிய ஒரு துணி அலமாரி. உள்ளே மூன்று பக்கமும் கம்பளிப் போர்வை, பழைய தையல் மெஷின் மேசைமேல் ஒரு மைக். கீழ்த்தளத்தில் ஜன்னல் கம்பி செய்யும் பட்டறை. காலையில் தொடங்கினால் இரும்பு அறுக்கும் சத்தத்தில் காது கிழியும். மதியம் ஒன்றிலிருந்து இரண்டுவரை சாப்பாட்டுக்காக நிறுத்துவார்கள். அந்த ஒரு மணி நேரம்தான் சித்தியின் பிழைப்பு. தொண்டை கெடக் கூடாதென்று காலையில் அதிகம் பேசமாட்டார். “என் தங்கச்சி வாயில காசு போட்டாத்தான் பேசுவா” என்று அக்கா கிண்டல் செய்வார்.

வேலையில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. எழுதித் தந்ததை அப்படியே ஒப்பிக்கமாட்டார். கரடுமுரடான வாக்கியம் வந்தால் சிக்கெடுத்து, கேட்பவர் காதில் இதமாக இறங்கும்படி மாற்றுவார். ‘தாங்கள் காத்திருக்க வேண்டப்படுகிறீர்கள்’ என்று வந்ததை ‘கொஞ்சம் பொறுங்க, இதோ வந்துட்டோம்’ என்று வாசித்து, வங்கிக்காரர்களிடமே பாராட்டு வாங்கியவர்.

வேலை வாங்கித் தருவது ஒரு ஏஜெண்ட். எழுத்தைப் போனில் அனுப்புவான். இவர் பதிவு செய்து அனுப்புவார். ஒருநாள் பன்னிரண்டு வரி வந்தது. விளையாட்டில் இலவச வைரம் வேண்டுமா, இங்கே உங்கள் பயனர் பெயரை உள்ளிடவும், கடவுச்சொல்லை உள்ளிடவும், நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபிக்க அலைபேசிக்கு வரும் எண்ணை உள்ளிடவும். கடவுச்சொல் என்ற இடத்தில் சித்திக்கு நாக்கு ஒரு நொடி இடறியது. ஏஜெண்டைக் கூப்பிட்டார்.

“இது என்னப்பா, பாஸ்வேர்டெல்லாம் கேக்குறாங்க?”

“கேம் விளம்பரம் மேடம். பசங்க சமாச்சாரம். ரெண்டு மணிக்குள்ள வேணுமாம்.”

மணி ஒன்று ஐம்பது. பத்து நிமிடத்தில் கீழே இரும்பு அலறத் தொடங்கிவிடும். சித்தி அலமாரிக்குள் உட்கார்ந்தார். குழந்தைகளிடம் போய் ‘உள்ளிடவும், உள்ளிடவும்’ என்பதா? மூன்றாவது வரிக்குப் பிறகு தாமாகவே ஒரு வரி சேர்த்தார்: “பயப்படாதீங்க செல்லங்களா, ஒரே நிமிஷம்தான்.” அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனார். மாலையில், வேலை கொடுத்தவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று ஏஜெண்ட் செய்தி போட்டிருந்தான். அத்தோடு அதை மறந்தே போனார்.

வாண்டு விளையாடியது ஒரு தீவு விளையாட்டு. வெறும் மணல்திட்டு ஒன்று கொடுப்பார்கள். அதில் வீடு கட்டலாம், மரம் வைக்கலாம். நினைத்ததைச் சீக்கிரம் கட்ட வேண்டுமென்றால் வைரம் வேண்டும். வாண்டுவுக்குப் பக்கத்து பெஞ்சில் ஒரு தோழி இருந்தாள். தலைமுடி சுருள்சுருளாக இருக்கும் என்பதால் சுருட்டை என்று கூப்பிடுவார்கள். இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தத் தீவைத் தொடங்கினார்கள். பிறகு சுருட்டையின் அப்பாவுக்கு வேறு நாட்டில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார்கள். சனிக்கிழமை காலையில் இங்கே இவளும் அங்கே அவளும் தீவுக்குள் நுழைந்து சந்தித்துக்கொள்வார்கள். இரண்டு வருடத்தில் அங்கே ஒரு நூலகம், நீல நிறக் கோழிகளுக்கு ஒரு கூண்டு, பாதி கட்டிய படகுத்துறை எல்லாம் வந்துவிட்டன. படகுத்துறையை முடிக்க வைரம் போதவில்லை. சுருட்டையின் பிறந்தநாளுக்குள் முடித்துவிட வேண்டும் என்று வாண்டு தவித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரத்தில்தான் வாண்டுவின் போக்கு மாறியது. பள்ளி விட்டு வந்தால் தொணதொணவென்று பேசுகிறவள் வாயைத் திறக்கவில்லை. தட்டில் போட்டது அப்படியே இருந்தது. முதல் நாள், வயிற்றுவலி என்றாள். இரண்டாம் நாள், தலைவலி. மூன்றாம் நாள் சாயங்காலம் சித்தி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“யாராவது ஏதாவது சொன்னாங்களாடா?”

“இல்ல.”

“பரீட்சையில ஏதாவது?”

“இல்ல சித்தி.”

“அப்புறம் என்ன செல்லம்? என்கிட்ட சொல்லு.”

அந்த ‘செல்லம்’ காதில் விழுந்ததும் அவள் முகம் கோணியது. எழுந்து போய்த் தன் டேப்லெட்டை எடுத்துவந்தாள். ஒரு வீடியோவைத் தட்டி, சித்தியின் மடியில் வைத்தாள். திரையில் வைரங்கள் மழையாகக் கொட்டின. பின்னால் ஒரு குரல், தாய் பிள்ளையைத் தாலாட்டுவது போல: “பயப்படாதீங்க செல்லங்களா, ஒரே நிமிஷம்தான்.”

சித்திக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. தன் குரலைத் தானே அடையாளம் கண்டுகொள்ளச் சிறிது நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு வீடியோவை முதலிலிருந்து மறுபடி போட்டுக் கேட்டார்.

“ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க சித்தி, இலவசம்னு வந்தா பாஸ்வேர்டு போடாதீங்கன்னு” என்றாள் வாண்டு. “எனக்குத் தெரியும். ஆனா இது உங்க குரல். அதான் போட்டேன்.”

நடந்தது இதுதான். பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்திருக்கிறாள். ரகசிய எண் அம்மாவின் போனுக்கு வந்திருக்கிறது. இரவுப் பணி முடித்து அம்மா தூங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, போனை எடுத்து, எண்ணைப் பார்த்துப் போட்டிருக்கிறாள். பச்சைக் கோடு ஒன்று நூறுவரை நிரம்பியது. வைரம் வரவில்லை. மறுபடி தீவுக்குள் நுழையப் போனால் பாஸ்வேர்டு தப்பு என்று சொன்னது. எவனோ உள்ளே புகுந்து பூட்டை மாற்றிவிட்டான். உடனே சொல்லியிருந்தால் அன்றைக்கே தடுத்திருக்கலாம். ஆனால், “என் போனைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்” என்று அம்மா வாய்க்கு வாய் சொல்வது வழக்கம். அந்தப் பயத்தில் மூன்று நாள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டாள்.

அந்த மூன்று நாளில் திருடன் சும்மா இருக்கவில்லை. வாண்டுவின் பெயரிலேயே சுருட்டைக்கு, ‘எனக்கு ஐயாயிரம் வைரம் கிடைச்சிருச்சு, நீயும் போடு’ என்று அதே லிங்க்கை அனுப்பியிருந்தான். உயிர்த்தோழி சொன்னால் மறுபேச்சு உண்டா? சுருட்டை போட்டாள். அவள் தன் அம்மாவின் அலுவலக மின்னஞ்சலையும் அதன் பாஸ்வேர்டையுமே விளையாட்டுக்கும் வைத்திருந்தவள். விளையாட்டோடு சேர்ந்து அந்த அம்மாவின் அலுவலக அஞ்சலும் பறிபோனது.

சித்தி ஏஜெண்டைக் கூப்பிட்டார். எழுதினது யார், எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

“அது நாலு கை மாறி வந்தது மேடம். எனக்கே தெரியாது. நாம வாசிக்கிறவங்க, அவ்வளவுதான். எழுதினவன் எவனோ.”

“ஒரு வரி நான் எழுதினதுப்பா.”

“அதைத்தான் மேடம் அவங்க ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னாங்க” என்றான். கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அப்படிச் சுட்டது.

அக்கா எழுந்து விஷயம் தெரிந்ததும் கையை ஓங்கினார். சித்தி குறுக்கே போய் நின்றார். “அடிக்கிறதுன்னா என்னை அடி. அவ போட்டது என்னை நம்பி.” அக்கா ஓங்கிய கையால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்று மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

விளையாட்டு நிறுவனத்துக்கு எழுதினார்கள். எந்தத் தேதியில் கணக்குத் தொடங்கியது, முதலில் கொடுத்த எண் எது, பழைய ஸ்க்ரீன்ஷாட் உண்டா என்று அவர்கள் கேட்டதற்கெல்லாம் சித்திதான் தேடித் தேடிப் பதில் அனுப்பினார். ஒன்பதாம் நாள் கணக்கு திரும்பக் கிடைத்தது. வாண்டு தீவைத் திறந்தாள். நூலகம் இல்லை, கோழி இல்லை. விலைபோகக்கூடிய அத்தனையையும் பெயர்த்து வேறு எங்கோ தள்ளிவிட்டிருந்தார்கள். துடைத்துவிட்டது போல மணல் மட்டும் கிடந்தது. அவள் அழவில்லை. டேப்லெட்டை அணைத்து, உறையில் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தாள். அழுதிருந்தால் தேவலை என்று சித்திக்குத் தோன்றியது.

சுருட்டையின் அம்மாவிடம் பேசாமல் இருக்க முடியவில்லை. ஒரு ஞாயிறு காலை கூப்பிட்டார்.

“உங்க பொண்ணு மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியுங்க” என்றார் அந்த அம்மா. “ஆனா என் பொண்ணு, அவ அனுப்பினதாலதானே போட்டேன்னு சொல்லிச் சொல்லி அழறா. கொஞ்ச நாளைக்கு ரெண்டு பேரும் பேசிக்க வேணாம். தப்பா எடுத்துக்காதீங்க.”

“இல்லங்க. நான் ஒண்ணு சொல்லணும். அந்த வீடியோவுல பேசினது நான்.”



“இதை எதுக்கு என்கிட்ட சொல்றீங்க?”

“உங்களுக்குத் தெரியணும்னு.”

“தெரிஞ்சு நான் என்ன பண்ணப் போறேன்?” என்றார் அந்த அம்மா. குரலில் கோபம்கூட இல்லை. கொஞ்ச நாள் என்று சொன்னது வருடங்களாக நீண்டது. சுருட்டையின் பிறந்தநாளுக்கு வாண்டு அனுப்பிய வாழ்த்து படிக்கப்படாமலே கிடந்தது.

சித்தி அதற்குப் பிறகு ஒரு வேலையை எடுத்துக்கொண்டார். முதலில் அந்த வீடியோவைப் பற்றிப் புகார் கொடுத்தார். எடுத்துவிட்டார்கள். பத்து நாளில் வேறு பெயரில், வேறு விளையாட்டின் படத்தோடு மறுபடி வந்தது. குரல் மட்டும் அதேதான். மறுபடி புகார். மறுபடி எடுத்தார்கள். மறுபடி வந்தது. சிந்திய எண்ணெயைக் கையால் அள்ளுவது போல இருந்தது. இந்தக் குரலின் சொந்தக்காரி நான்தான் என்று எழுதிக் கொடுத்தார். சைபர் குற்றப் பிரிவில் போய் வாக்குமூலம் தந்தார். அங்கிருந்த அதிகாரி, “நீங்களா வந்து சொன்னதால பரவாயில்லை” என்றார். பரவாயில்லை என்ற வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுவர அவரால் முடியவில்லை.

வாண்டுவின் பள்ளியில் மாணவர்களிடம் பேச முடியுமா என்று தலைமையாசிரியையிடம் தாமே போய்க் கேட்டார். அதற்கு முன் வாண்டுவிடம் அனுமதி கேட்டார்.

“பேசுங்க” என்றாள் அவள். “என் பேரைச் சொல்லாதீங்க.”

ஏழாம் வகுப்பில் அறுபது பிள்ளைகள். சித்தி அந்த வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டு, “இதுல பேசறது யாருன்னு தெரியுதா?” என்று கேட்டார். அதே குரலில் கேட்டதும் சலசலப்பு அடங்கிப்போனது. அவர் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். வைரம் வேண்டுமென்றால் விளையாட்டுக்குள்ளேயே சம்பாதிக்கலாம், இல்லையென்றால் பெரியவர்களிடம் கேட்டு அங்கேயே வாங்கலாம். வெளியிலிருந்து சும்மா கொடுக்க எவனாலும் முடியாது. போனுக்கு வரும் எண் வீட்டுச் சாவி மாதிரி, கேட்கிறவன் கையில் கொடுத்துவிட்டால் கதவு அவனுடையது. சிநேகிதி பெயரில் வந்தாலும் சிநேகிதியைக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே வீட்டில் சொல்லுங்கள், திட்டு விழுந்தாலும் பரவாயில்லை. பெற்றோர் கூட்டத்தில் வேறு மாதிரி பேசினார்: “பிள்ளை வந்து சொன்னா முதல்ல பாஸ்வேர்டை மாத்துங்க. திட்டறதை அடுத்த வாரம் வச்சுக்கலாம்.” சிலர் சிரித்தார்கள். பின்வரிசையில் சீருடையோடு உட்கார்ந்திருந்த அக்கா சிரிக்கவில்லை.

அந்த வகுப்பில், கண்ணாடி போட்ட ஒரு சிறுமி கை தூக்கினாள். “மிஸ், அதுவும் உங்க குரல், இதுவும் உங்க குரல். எதை நம்பறது?”

டீச்சர் அவளை அடக்கப் பார்த்தார். சித்தி தடுத்தார். “குரலை நம்பாதேம்மா” என்றார். “என்னையும் சேர்த்துதான். என்ன கேக்குறாங்கன்னு பாரு. பாஸ்வேர்டு கேட்டா, யார் கேட்டாலும் கொடுக்காதே.”

இப்போது ஐந்து வருடம் ஆகிறது. முப்பது பள்ளிகளுக்கு மேல் போய்விட்டார். இது எங்கே ஒலிக்கும், யார் கேட்பார்கள் என்று தெரியாமல் எந்த எழுத்தையும் வாசிப்பதில்லை; அதனால் பாதி வேலை போய்விட்டது. அவர் குரல் போட்ட அந்த வீடியோ இன்னமும் எங்காவது தலைதூக்குகிறது. யாராவது அனுப்புவார்கள். புகார் எழுதுவார்.

வாண்டு வளர்ந்துவிட்டாள். கல்லூரிக்குப் போகத் தயாராகிறாள். சித்தியிடம் அவளுக்குக் கோபம் இல்லை. கட்டிப்பிடிக்கிறாள், இரவலாகப் புடவை கேட்கிறாள், சண்டை போடுகிறாள். ஆனால் சித்தி எதைச் சொன்னாலும் ஒரு நொடி நிற்கிறாள். முன்பெல்லாம் சித்தி வாயைத் திறக்கும்போதே ‘சரி’ என்று ஓடுகிறவள். இப்படி ஒரு நொடி நின்று யோசிப்பது, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சித்தி சொல்லிக்கொடுக்கும் பழக்கம்தான். நல்ல பழக்கம் என்று அவருக்கே தெரியும்.

போன வாரம் வாண்டு வெளியே கிளம்பினாள். “மழை வரும்போல இருக்கு, குடை எடுத்துட்டுப் போடா” என்றார் சித்தி. அவள் ஜன்னலுக்குப் போய், திரையை விலக்கி, வானத்தைப் பார்த்தாள். அப்புறம் வந்து குடையை எடுத்துக்கொண்டாள்.