அந்தச் செய்தியில் பேசியவள் நான்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது ஐந்து, கொழுந்தனார் விட்டுப்போனது இரண்டு, ஆக ஏழு பேரை வளர்த்தேன். அந்த வெளிநாட்டுச் செய்தியில் பேசியவள் செல்லம்மாள் அல்ல. நான்... ராஜாமணி.

மூன்று வருடம் மறைத்தேன். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டுமே வரும். நான் சொல்லச் சொல்ல, மகள் வயிற்றுப் பேத்தி கயல் எழுதுகிறாள்.

கீழப்பழுவூர்ப் பக்கம் எங்கள் ஊர். சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஆழமாகப் போகப் போகக் கிணறுகள் வற்றின. மிச்சத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. ஒரு வெளிநாட்டுச் செய்தித் தளத்துக்காகச் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்து கேட்டாள். பாதி வீட்டு ஆண்களுக்குச் சுரங்கத்தில்தான் வேலை. யாரும் வாய் திறக்கவில்லை. நான் பேசினேன். ஒரு மணி நேரம் பேசினேன்! முகத்தை மட்டும் படம் எடுக்காதே என்றேன்.

“அப்ப கைய மட்டும் எடுத்துக்கறேன்மா, தண்ணிக் குடத்தோட” என்றாள்.

என் வீட்டில் பிளாஸ்டிக் குடம்தான். வெளிநாட்டுக்காரன் பார்க்கிற படத்தில் அதையா பிடிப்பது? பக்கத்து வீட்டுச் செல்லம்மாளிடம் எவர்சில்வர் குடம் இரவல் வாங்கினேன். அவளுடைய கல்யாணச் சீர். அவள் பெயர் வெட்டியிருந்தது. அதைப் படிக்கும் அளவுக்கு எனக்கு எழுத்து தெரியும். உன்னிடம் எதற்குப் பொய்... பெயர் இருந்த பக்கம் தானாகத் திரும்பியதா, நான் திருப்பினேனா? இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

செய்தி வந்த வாரம் அந்த நாட்டுக்கும் நம் அரசாங்கத்துக்கும் மனத்தாங்கல். அந்த நாட்டுச் செய்தித் தளங்களை எல்லாம் இங்கே முடக்கிவிட்டார்கள். எங்கள் ஊரில் எந்தப் போனிலும் அது திறக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து என் மகன் படித்துவிட்டுக் கூப்பிட்டான்.

“அம்மா, நம்மூரு தண்ணியப் பத்தி வந்துருக்கு. யாரோ ஒரு கெழவி வெளுத்து வாங்கிருக்கும்மா.”

நெஞ்சு விம்மியது. பெற்ற மகனிடமும் நான்தான் என்று சொல்லவில்லை.

துபாயில் இருக்கும் எங்கள் ஊர்க்காரன் ஒருவன் அந்தச் செய்தியில் வந்த படத்தை மட்டும் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினான். செய்தியை யாரும் படிக்கவில்லை. குடத்தில் இருந்த பெயரை எல்லோரும் படித்தார்கள்.

ரேஷன் கடை வரிசையில் பேச்சு ஆரம்பித்தது.

“ஏ செல்லம்மா, தள்ளி நில்லு. ஒங்கூடப் பேசுனா எங்க போனையும் கவர்மெண்டு மூடிப்புடும்.”

“நாட்டக் காட்டிக் குடுத்தவளுக்கு அரிசி மட்டும் நம்ம நாட்டுதா?”

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

“அம்மாயி, இதையுமா எழுதணும்?” என்கிறாள் கயல். எழுது.

செல்லம்மாள் திரும்பி என்னை ஒரு முறை பார்த்தாள். குடத்தை வாங்கிப்போனது யார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சுரங்கத்தில் லாரி ஓட்டிய அவள் மகனை மறுவாரமே நிறுத்தினார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஜெயங்கொண்டம் போய்விட்டார்கள்.

ஆனால் கேள்... தண்ணீர் வந்தது! நாம் திறக்க முடியாததை மேலே யாரோ திறந்து படித்திருக்கிறார்கள். அடுத்த சித்திரைக்குள் கொள்ளிடத்துத் தண்ணீர் தெருத்தெருவாக வந்தது. “வெளிநாடு வரைக்கும் போயிருச்சாமே பாட்டி” என்றார் குழாய் பதிக்க வந்த என்ஜினீயர். கையெழுத்துப் போடவே திணறுகிறவளின் பேச்சு, அரசாங்கம் பூட்டியும் அடங்காமல் தண்ணீராகத் திரும்பி வந்தது. அன்று நிமிர்ந்தவள் இன்னும் நிமிர்ந்துதான் நிற்கிறேன்.

இப்போது ஊர், “செல்லம்மா பேசுனதாலதான் தண்ணி” என்கிறது. அது எனக்குப் பொறுக்கவில்லை. இதைச் சொல்ல வைப்பது குற்ற உணர்ச்சியா, அந்தப் பொறாமையா? இரண்டும்தான் போலிருக்கிறது.

போன வாரம் ஜெயங்கொண்டத்துக்குப் பஸ் ஏறினேன். செல்லம்மாள் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஊர்ல எல்லாருகிட்டயும் சொல்லப்போறேன் செல்லம்மா.”

“சொல்லுக்கா. தண்ணி ஒன்னால வந்துச்சு. எம்மவன் வேலை யாரால போச்சு?” கையை நிறுத்தாமலே கேட்டாள்.

அந்தக் கேள்வியோடுதான் திரும்பிப் பஸ் ஏறினேன்.

வருகிற கிராம சபையில் இதைக் கயல் எல்லோர் முன்னாலும் வாசிப்பாள்.

கயலு, இப்ப ஒருக்கா எனக்குப் படிச்சுக் காட்டு. எம்பேரு வர்ற எடத்துல கொரலத் தாழ்த்தாத. செல்லம்மா கேட்டத முழுங்கிப்புடாத.